படப் புத்தகத்தை வைத்துச் சேர்த்தல் கற்றுக்கொடுப்பது: பக்கத்தைத் திருப்பும்போது என்ன கேட்கிறீர்கள்?

பாலர்பள்ளி_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில், செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை ஒட்டிய ஒரு பாலர் பள்ளியில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். சேர்த்தல் தொடங்கும் பருவத்தில் வீட்டில் படப் புத்தகத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அடிக்கடி கேட்கிறார்கள். அங்கே நீளமாக எழுத வழியில்லை. அதனால் இங்கே ஓர் இழை தொடங்குகிறேன்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படப் புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பும் அந்த நொடியில்தான் சேர்த்தல் நடக்கிறது.

ஒரே பக்கத்தில் ஓர் ஓரத்தில் மூன்று கோழிக்குஞ்சு, இன்னோர் ஓரத்தில் இரண்டு கோழிக்குஞ்சு வரைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் பிள்ளை விரலை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணிச் சரியாகச் சொல்லிவிடும். நாமும் சந்தோஷப்படுவோம். ஆனால் அந்தப் பிள்ளை செய்தது எண்ணுதல் மட்டுமே. எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது சேர்க்க வேண்டிய தேவையே வரவில்லை.

இப்போது வேறு மாதிரி ஒரு புத்தகம். இந்தப் பக்கத்தில் மூன்று குஞ்சுகள் கூண்டுக்குள் போகின்றன. திருப்பினால் கூண்டு மூடியிருக்கிறது, வெளியே இரண்டு குஞ்சுகள் ஓடி வருகின்றன. உள்ளே இருக்கிற மூன்றும் தெரியவில்லை. "எல்லாம் உள்ளே போனா எத்தனை இருக்கும்?" என்று கேட்டால், பிள்ளை அந்த மூன்றை மனத்தில் பிடித்துக்கொண்டு நான்கு, ஐந்து என்று மேலே போக வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து எண்ணும் பழக்கம் இங்கேதான் பிறக்கிறது. தொடக்கப்பள்ளி முதலாம் ஆண்டில் 27-ஓடு 2 சேர்க்கச் சொல்லும்போது பிள்ளைக்குக் கைகொடுக்கப் போவது இந்தப் பழக்கம்தான்.

என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இதைச் செய்ததை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். மூடிய கூண்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "உள்ள மூணு" என்று தனக்குத்தானே சொன்னாள். அப்புறம் கையை எடுக்காமலேயே மற்றக் கையின் விரலால் வெளியே உள்ள குஞ்சுகளைத் தொட்டு "நாலு, அஞ்சு" என்றாள். அந்த உள்ளங்கை செய்த வேலையைப் பயிற்சித் தாளில் எந்தப் பெட்டியும் செய்வதில்லை.

வீட்டில் செய்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். முதல் தடவை கதையைக் கதையாகவே படியுங்கள், ஒரு கேள்வியும் கேட்காதீர்கள். குஞ்சுகள் மழையில் நனையுமா நனையாதா என்ற கவலையில் பிள்ளை இருக்கும்போது நாம் "எத்தனை, எத்தனை" என்று நச்சரித்தால் கதையும் போகும், கணக்கும் போகும். மறுபடியும் படிக்கச் சொல்லிப் பிள்ளையே கேட்கும். அப்போது திருப்புவதற்கு முன்னால் நிறுத்துங்கள்.

எந்தப் புத்தகம் என்று கேட்பீர்கள். யாராவது வருகிற கதை, கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும் கதை எதுவானாலும் சரி. தொடக்கத்தில் மொத்தம் ஐந்தைத் தாண்ட வேண்டாம். மூன்று பொருள் வரைக்கும் பிள்ளைகள் எண்ணாமல் பார்த்த மாத்திரத்திலேயே சொல்லிவிடுவார்கள். அந்தப் பலத்தை வைத்துக்கொண்டு தொடங்குவதுதான் எளிது.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

---

ஒன்றாமாண்டு_சார்

டீச்சர், நல்ல இழை. நான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுக்குக் கணிதம் எடுக்கிறேன். உங்களோடு பாதிதான் ஒத்துப்போக முடிகிறது.

படம் என்பது இரண்டாவது படி. கையால் செய்து அறிவது, படமாகப் பார்த்து அறிவது, குறியீடாக அறிவது என்று 1960களில் உளவியலாளர் ஜெரோம் புரூனர் மூன்றாகப் பிரித்துச் சொன்னார். சிங்கப்பூர் 1980களில் தன் தொடக்கப்பள்ளிக் கணிதத்தை அமைத்ததும் இதே வரிசையில்தான். முதல் படியை ஒழுங்காக ஏறாத பிள்ளைக்குப் புத்தகத்தைக் கொடுத்தால் அது படத்தை வேடிக்கை பார்க்கும், அவ்வளவுதான். புளியங்கொட்டை, போத்தல் மூடி, ரப்பர் விதை என்று எதையாவது கையில் கொடுத்து, நகர்த்தி, குவித்துப் பார்க்கவிட்ட பிறகுதான் புத்தகம்.

அடுத்தது. நூறு வரைக்கும் மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் வருகிறார்கள். அவர்களிடம் நான்கு மூடிகளைக் கொடுத்து எண்ணச் சொல்லி, எண்ணி முடித்ததும் "சரி, எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். சிலர் மறுபடியும் ஒன்று, இரண்டு என்று தொடங்குவார்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவர்களுக்கு இன்னும் விளங்கவில்லை. கெல்மன், காலிஸ்டல் என்ற ஆய்வாளர்கள் 1978இல் எண்ணுதலின் ஐந்து விதிகளை எழுதியபோது இதையும் ஒன்றாக வைத்தார்கள். இந்த இடத்தில் நிற்கும் பிள்ளைக்குச் சேர்த்தல் எப்படிப் புரியும்? மூன்று என்பது அதற்கு இன்னும் ஒரு தொகையாகவே ஆகவில்லையே. மனத்தில் எதைப் பிடித்துக்கொள்ளும்?

மூன்றாவது, நேரம். பாடவேளை 30 நிமிடம். வகுப்பு நிறையப் பிள்ளைகள். ஒரு புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தால் முன்வரிசைக்கு மட்டும்தான் தெரியும். உங்கள் கூண்டுக் கதை மடியில் உட்கார்ந்து கேட்கும் பிள்ளைக்குச் சரிவரும், வகுப்பறைக்கு எப்படிச் சரிவரும்?

---

பாலர்பள்ளி_டீச்சர்

சார், நீங்கள் சொன்ன "சரி, எத்தனை இருக்கு?" சோதனையை எல்லாப் பெற்றோரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டும். மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணுகிற பிள்ளைக்கு எண்ணும் விளையாட்டே போதும், சேர்த்தல் காத்திருக்கட்டும். இதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை.

ஆனால் பொருளையும் புத்தகத்தையும் ஏன் பிரிக்க வேண்டும்? நான் புத்தகத்தைத் தரையில் விரித்து வைப்பேன். ஆளுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை, கொஞ்சம் மூடிகள். மூன்று குஞ்சு கூண்டுக்குள் போனால் மூன்று மூடி சிரட்டைக்கு அடியில் போகும். பக்கத்தைத் திருப்பினால் இரண்டு மூடி வெளியே வைக்க வேண்டும். விடையைச் சொன்ன பிறகு சிரட்டையைத் தூக்கிப் பார்த்துக்கொள்வார்கள். சரியா தவறா என்று என்னிடம் கேட்கவே மாட்டார்கள். வெறும் மூடிகளை மட்டும் கொடுத்தபோது எனக்கு இது கிடைக்கவில்லை. மூன்று மூடியையும் இரண்டு மூடியையும் எதற்குச் சேர்க்க வேண்டும் என்று பிள்ளைக்குக் காரணம் இல்லை. கதையில் இருக்கிறது: மழை வருகிறது, எல்லாரும் உள்ளே போயாக வேண்டும்.

முன்வரிசைப் பிரச்சினை உண்மைதான். நான் பக்கங்களைப் பெரிதாக்கி ஏ3 தாளில் போட்டோஸ்டேட் எடுத்துச் சுவரில் ஒட்டுவேன், ஒவ்வொன்றாக. முழுக் கதையையும் ஒரே நாளில் முடிக்கவும் மாட்டேன். "நாளைக்கு யார் வருவாங்க?" என்று நிறுத்திவிட்டால் அன்று முழுக்க அதே பேச்சுதான்.

---

லோரிக்காரர்

டீச்சர், நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். படித்தது குறைவு. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒன்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

குலை வெட்டுகிறவர்கள், லோரி ஏற்றக் குலைகளைச் சேர்த்து வைக்கும் மேடையில் அதைச் சும்மா கொட்டிவிட்டுப் போக மாட்டார்கள். நான் போகிற தோட்டங்களில் ஐந்து ஐந்தாக வரிசை பிடித்து அடுக்குவார்கள். வெட்டினவரின் எண்ணைக் காம்பின் வெட்டுமுகத்தில் எழுதியிருப்பார்கள். கணக்கெடுக்க வருகிறவர் குலை குலையாக எண்ணுவதே இல்லை, வரிசையைப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துக்கொள்வார். முழு வரிசை ஒன்று, தனியாக மூன்று என்றால் எட்டு. பார்த்த உடனே எழுதிவிடுவார்.

மகளுக்கு ஆறு வயது. கைத்தொலைபேசியில் நான் எடுத்த படங்களைப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கும். அந்த மேடைப் படத்தைக் காட்டி எத்தனை குலை என்று கேட்டேன். முதலில் ஒன்றிலிருந்து எண்ணினாள். பல படம் பார்த்த பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, முழு வரிசையை ஒரே இழுப்பாக இழுத்து "அஞ்சு" என்று சொல்லிவிட்டு ஆறு, ஏழு, எட்டு என்று போனாள். நீங்கள் சொல்கிற தொடர்ந்து எண்ணுதல் இதுதானா? இந்தப் படங்களையே அச்சடித்துப் புத்தகமாகத் தைத்துக் கொடுக்கலாமா? இல்லை, வரைந்த படம்தான் நல்லதா?

---

பாலர்பள்ளி_டீச்சர்

அண்ணே, அதேதான். பிள்ளையே கண்டுபிடித்திருக்கிறாள், அதைவிட வேறென்ன வேண்டும்! கட்டாயம் புத்தகமாக்குங்கள். அப்பா வேலை செய்யும் இடம் புத்தகத்தில் வருகிறது என்றால் அந்தப் பிள்ளை எத்தனை முறை புரட்டுவாள் என்று நினைத்துப் பாருங்கள்.

---

கோடும்_வண்ணமும்

ஈப்போவில் இருக்கிறேன், சிறுவர் நூல்களுக்குப் படம் வரைகிறேன். லோரிக்கார அண்ணனின் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

புகைப்படம் நன்றாகவே இருக்கும். ஆனால் எடுக்கும்போது சுற்றியுள்ளதைக் கவனியுங்கள். மேடையில் உதிரிப் பழம் சிதறிக் கிடக்கும், ஓரத்தில் மண்வெட்டி இருக்கும், தள்ளுவண்டி இருக்கும். பெரியவர்களின் கண் அதையெல்லாம் தள்ளிவிடும், பிள்ளையின் கண் தள்ளாது. உதிரிப் பழத்தையும் எண்ணிவிட்டு "பன்னெண்டு" என்று சொன்னால் அதைத் தவறென்று சொல்லவே முடியாது. வரிசைக்கு நேர் எதிரே நின்று, குலைகள் ஒன்றையொன்று மறைக்காதபடி கொஞ்சம் உயரத்திலிருந்து எடுங்கள்.

வரைகிற எங்களுக்கும் இதே தொல்லை உண்டு. அழகுக்காக மூலையில் ஒரு வண்டு வரைவோம், மேகத்துக்குப் பின்னால் பாதிப் பறவை வரைவோம். கணக்குக்காகப் படிக்கும் புத்தகத்தில் பாதிப் பறவை பெரிய சண்டையைக் கிளப்பும். அது ஒன்றா, அரையா? கூட்டமாக நிற்கும் ஆடுகளில் ஒரு வால் மட்டும் தெரிந்தால் சில பிள்ளைகள் அந்த வாலை ஓர் ஆடாகவே எண்ணுவார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவே உள்ள மடிப்பில் எதையும் வரையக் கூடாது, விழுங்கிவிடும். முந்தின பக்கத்தில் நான்கு வாத்து என்றால் அடுத்த பக்கத்திலும் அதே நான்கு, அதே நிறம், அதே உருவம். ஒன்றைக் காணோம் என்றால் பிள்ளை கதையை நிறுத்திவிட்டு அதைத் தேடும். கடையில் வாங்கும் புத்தகங்களையும் இந்தக் கண்ணோடு ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, டீச்சர் சொன்னதோடு சேர்த்து. விரித்த புத்தகத்தில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று இருக்கிறதே, அதையும் விடக் கூடாது. இடப்பக்கத்தில் நான்கு பேர் திண்ணையில், வலப்பக்கத்தில் ஒருவர் மரத்தடியில். யாரும் வரவில்லை, யாரும் போகவில்லை. முழுக் குடும்பமும் ஐந்து, அதில் இங்கே நான்கு, அங்கே ஒன்று. வலப்பக்கத்தை மடக்கி மறைத்துவிட்டு "வீட்டுல அஞ்சு பேரு, இங்க நாலு பேருதான் இருக்காங்க, மரத்தடியில எத்தனை பேரு?" என்று கேட்கலாம். பக்கம் திருப்பும் கதையில் சேர்த்தல் என்பது ஒரு நிகழ்ச்சி. இங்கே அது ஒரு தொகையின் இரண்டு பங்கு. பிள்ளைக்கு இரண்டும் வேண்டும் என்று நினைக்கிறேன்.

---

ஒன்றாமாண்டு_சார்

கடைசிப் பத்தி மிக முக்கியம். பாடநூலில் இரண்டுக்கும் ஒரே குறிதான் போடுகிறோம், 4 + 1 = 5. பிள்ளைக்கு இரண்டும் வேறு வேறு கதை. "வந்து சேர்ந்தது" என்ற கதை மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை, யாருமே வராத கணக்கில் தடுமாறும்.

---

சிப்புட்_பாட்டி

நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் இதை அடிக்கிறாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டின காலத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, விடியுமுன்னே பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போன ஆள் நான். இப்போது மகன், மருமகள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், பேரப்பிள்ளைகள் என்னோடு.

பேத்தி கொண்டுவருகிற புத்தகத்தில் எழுத்து எனக்குத் தெரியாது, படம் தெரியும். படத்தைப் பார்த்து நானே கதை சொல்லுவேன். நாளைக்கு ஒரு கதை, நாளன்றைக்கு ஒரு கதை. பிள்ளைகள் விடமாட்டார்கள், "நேத்து இப்படிச் சொல்லலையே" என்பார்கள். சொல்லட்டும், அப்போதுதான் நன்றாகப் பார்க்கிறார்கள்.

நீங்கள் எல்லாரும் எத்தனை, எத்தனை என்று கேட்கிறீர்கள். நான் அப்படிக் கேட்பதில்லை அம்மா. "போதுமா?" என்று கேட்பேன். படத்தில் ஒரு வீடு இருக்கும், மூணு பேர் இருப்பார்கள். "அம்மா மூணு தோசை சுட்டு வெச்சிட்டா. இந்தா, மாமாவும் அத்தையும் வந்துட்டாங்க. தோசை போதுமா?" சின்னவன் உடனே "போதாது" என்பான். "எத்தனை சுடணும்?" "இன்னும் ரெண்டு." "அப்ப தட்டு எத்தனை எடுத்து வைக்கணும்?" அவன் ஆள் ஆளாக மனத்தில் உட்கார வைத்துப் பார்ப்பான். யாருக்காவது தட்டு வராமல் போய்விடக் கூடாது என்று அவனுக்குக் கவலை. ஒரு தடவை அந்தப் படத்தில் கதவோரம் நின்ற நாய்க்கும் ஒரு தோசை என்று சேர்த்துக்கொண்டான். சரிதானே, அதுவும் வீட்டு உயிர்தானே.

---

பாலர்பள்ளி_டீச்சர்

பாட்டி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். "போதுமா?" என்ற கேள்வி இந்த இழைக்குக் கிடைத்த பெரிய கொடை.

பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும். "எத்தனை?" என்பது சோதிக்கிற கேள்வி. விடை நமக்குத் தெரியும் என்று பிள்ளைக்கும் தெரியும். "போதுமா?" என்று கேட்டால் பிள்ளை அந்த வீட்டுக்குப் பொறுப்பேற்றுக்கொள்கிறது. வீட்டில் இருப்பவர், வந்தவர், தோசை மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. பற்றாக்குறை எவ்வளவு என்று வேறு கண்டுபிடிக்க வேண்டும். ஒரே கேள்விக்குள் சேர்த்தல், ஒப்பிடுதல், ஒன்றுக்கு ஒன்று பொருத்துதல் எல்லாம் வந்துவிடுகின்றன.

பிள்ளையைக் கதை சொல்லவிட்டு, பெரியவர் கேட்டுக் கேள்வி கேட்கும் வாசிப்பை வைட்ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1988இல் சோதித்துப் பார்த்து எழுதினார்கள், பிள்ளைகளின் பேச்சு வளர்ந்ததைக் கண்டார்கள். உரையாடல் வாசிப்பு என்று இன்று ஆசிரியர் பயிற்சிகளில் சொல்லப்படுவது இதுதான். எழுத்துத் தெரியாது என்பதால் படிக்க முடியாது என்று எந்தப் பாட்டியும் தாத்தாவும் ஒதுங்க வேண்டியதில்லை.

---

இரட்டையர்_அம்மா

எனக்கு ஐந்தரை வயதில் இரட்டைப் பிள்ளைகள். பெரியவன் புத்தகத்தை மனப்பாடம் செய்துவிடுகிறான். பக்கத்தைத் திருப்புமுன்னே "ஏழு" என்கிறான், சேர்த்தானா, ஞாபகத்திலிருந்து சொன்னானா என்றே தெரியவில்லை. சின்னவள் ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்துதான் எண்ணுகிறாள். அண்ணன் முந்திச் சொல்லிவிடுவதால் அவள் இப்போது எண்ணுவதையே நிறுத்திவிட்டாள். இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு எப்படிச் செய்வது?

இன்னொரு கேள்வி. டியூஷன் போகிற அக்காள் மகள் 5 + 3 = 8 என்று பக்கம் பக்கமாக எழுதுகிறாள். அவளுக்கு இந்தப் படப் புத்தகமெல்லாம் வேண்டுமா?

---

பாலர்பள்ளி_டீச்சர்

முதலில் சின்னவளைப் பற்றி. அவள் ஒன்றிலிருந்து எண்ணுவதைத் தடுக்க வேண்டாம், அது ஒரு குறையும் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். பழைய கூட்டம் மறைந்திருக்கிற பக்கங்களை அவளோடு அதிகம் படியுங்கள், எண்ணத் தொட ஒன்றுமில்லாதபோது அவளாகவே வேறு வழி தேடுவாள். சில பிள்ளைகள் மறைந்திருக்கிற மூன்றையும் காற்றில் விரல் தட்டி எண்ணுவார்கள். அப்புறம் அந்தத் தட்டுதல் முணுமுணுப்பாகும். அப்புறம் அதுவும் நின்று, நேராக "நாலு" என்று தொடங்குவார்கள். அவசரப்படுத்தினால் இந்த நடுப்படிகள் தொலைந்துபோகும். அவளுக்கென்று தனியாக ஒரு நேரம், தனியாக ஒரு புத்தகம் ஒதுக்குங்கள், அண்ணன் இல்லாமல். இதை நான் அழுத்தியே சொல்கிறேன். விடையை முந்திச் சொல்கிற ஒருவர் பக்கத்தில் இருந்தால் மற்றவருக்கு யோசிக்க இடமே கிடைக்காது.

மனப்பாடம் செய்கிறவனுக்குப் புத்தகத்தில் இல்லாத பக்கம் வேண்டும். கடைசிப் பக்கம் முடிந்ததும் "இதுக்கப்புறம் இன்னும் ரெண்டு பேரு வந்தாங்களாம்" என்று சொல்லி ஒரு வெள்ளைத் தாளைக் கொடுங்கள். அந்தப் பக்கத்தை அவன் வரையட்டும். வரைந்ததைப் பார்த்தாலே சேர்த்தானா இல்லையா என்று தெரிந்துவிடும். கதை தொடங்குமுன்னே வீட்டில் யாராவது இருந்தார்கள் என்று மாற்றிப் பாருங்கள், எல்லாப் பக்கத்திலும் விடை மாறிவிடும். யாருமே வராத ஒரு பக்கத்தையும் நடுவில் சொருகுங்கள். சுழியம் சேர்த்தால் என்ன ஆகும் என்பது அங்கே வந்துவிடும்.

---

ஒன்றாமாண்டு_சார்

டியூஷன் பிள்ளைக்கு நான் பதில் சொல்கிறேன், இது என் வகுப்பில் எப்போதும் பார்ப்பது. அவளுக்கு 8 = □ + 3 என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். பெட்டியில் 11 போடுகிற பிள்ளைகள் உண்டு. சமக் குறியை "இங்கே விடையை எழுது" என்ற கட்டளையாகவே அவர்கள் படிக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்பது எட்டவில்லை.

அவளிடம் "5 + 3-க்கு ஒரு கதை சொல்லு, படம் வரைஞ்சு காட்டு" என்று கேளுங்கள். ஐந்து என்ற எழுத்தையும் மூன்று என்ற எழுத்தையும் வரைந்து நடுவில் கூட்டல் குறி போட்டால் படப் புத்தகம் அவளுக்கும் வேண்டும். ஐந்து பேர் பந்து விளையாட மூன்று பேர் ஓடி வருவதை வரைந்தால் கவலையே இல்லை.

---

கோலகங்சார்_அப்பா

குறுக்கே வருகிறேன். மகள் போவது மலாய் வழி பாலர் பள்ளி. சத்து, டுவா, தீகா என்று எண்ணத்தான் அவளுக்கு வருகிறது. தமிழ்ப் படப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எந்த மொழியில் எண்ணவிடுவது?

---

ஒன்றாமாண்டு_சார்

எந்த வரிசை தடங்கலில்லாமல் வருகிறதோ அதில் எண்ணட்டும். நடுவில் மொழி மாற்றாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், எண்ணிக்கை அறுந்துவிடும். முடித்ததும் நீங்கள் தமிழில் "ஆமா, அஞ்சு" என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போங்கள். கதையைத் தமிழில் கேட்கக் கேட்கத் தமிழ் எண்களும் பின்னாலேயே வந்துவிடும்.

---

கோலகங்சார்_அப்பா

நன்றி சார். தமிழ்ப் படப் புத்தகம் எங்கே கிடைக்கும்? ஈப்போ வரைக்கும் போனாலும் பயிற்சிப் புத்தகம்தான் அதிகம் இருக்கிறது.

---

கோடும்_வண்ணமும்

இந்தியாவின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையத்தளத்தைப் பாருங்கள். தமிழில் நிறைய இருக்கிறது, காசு இல்லை. நான்கு நிலைகளாகப் பிரித்திருப்பார்கள், உங்கள் மகளுக்கு முதல் நிலை போதும். பதிவிறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். எழுதியவர், வரைந்தவர் பெயரை எடுக்காமல் வைத்திருந்தால் பிறருக்கும் கொடுக்கலாம், அவர்களின் திறந்த உரிமம் அதற்கு இடம் தருகிறது. வட்டாரச் சொல்லை மாற்ற வேண்டும் என்றாலும் மாற்றிக்கொள்ளலாம். நம் பிள்ளைக்கு லாரி என்பதைவிட லோரி என்றால்தான் சட்டென்று புரியும்.

மலாய், ஆங்கிலப் புத்தகமானாலும் தயங்க வேண்டாம். நூலகத்தில் எடுத்துவந்து பாட்டி செய்வது போலப் படத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லுங்கள். எண்கள் பெரிதாக அச்சிட்டிருந்தால் அந்த இடத்தில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி மறைத்துவிடுங்கள். 5 என்று கண்ணில் பட்டுவிட்டால் பிள்ளை படத்தைப் பார்க்காது. நூலகப் புத்தகம் என்றால் கிழிக்காமல் எடுக்கக்கூடிய ஒட்டுத்தாள்.

---

ஒன்றாமாண்டு_சார்

லோரிக்கார அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் சொன்ன ஐந்து வரிசை எனக்கு மனத்தை விட்டுப் போகவே இல்லை.

முதலாம் ஆண்டில் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது பத்தைத் தாண்டும் இடத்தில். 8 + 5 என்றால் விரல் போதாது. எட்டோடு இரண்டைச் சேர்த்துப் பத்தாக்கு, மிச்சம் மூன்று, பதின்மூன்று என்று சொல்லிக்கொடுப்போம். இதற்குப் பத்துக் கட்டம் என்று ஒரு தாள் வைத்திருக்கிறோம், மேலே ஐந்து பெட்டி, கீழே ஐந்து பெட்டி. உங்கள் மேடை அப்படியே அந்தப் பத்துக் கட்டம்தான். முழு வரிசை ஒன்று, அதற்குக் கீழே மூன்று. இன்னும் ஐந்து குலை வந்தால் முதலில் எந்த இடத்தை நிரப்புவார்கள்? இரண்டாவது வரிசையை முடித்துவிட்டுத்தான் மூன்றாவதைத் தொடங்குவார்கள். "இரண்டை எடுத்துப் பத்தாக்கு" என்று நாங்கள் வாயால் சொல்வதை உங்கள் மேடை கண்ணுக்குக் காட்டுகிறது. அந்தப் படங்கள் எனக்கும் வேண்டும். பக்கத்தைத் திருப்பிக் காட்டும் புத்தகமாகவே செய்யுங்கள், டீச்சர் சொல்வது போல.

---

லோரிக்காரர்

தருகிறேன் சார். ஏற்றுவதற்கு முன்னால் காலையில் வெளிச்சம் நன்றாக இருக்கும், வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேட்டுவிட்டு எடுக்கிறேன். உதிரிப் பழத்தைக் கூட்டி ஒதுக்கிவிடுகிறேன். காம்பில் எழுதியிருக்கிற எண் தெரியலாமா? பக்கம் எந்த வரிசையில் வரவேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

---

பாலர்பள்ளி_டீச்சர்

காம்பு எண் தெரியாதபடி எடுங்கள் அண்ணே, பிள்ளைகள் அதை விடை என்று நினைத்துவிடுவார்கள்.

என் பிள்ளைகளுக்கு இப்படி: முதல் பக்கத்தில் மூன்று குலை. அடுத்த பக்கத்தில் அதே மேடையைத் தார்ப்பாய் போட்டு மூடி, பக்கத்தில் இரண்டு குலை மட்டும் தனியாக. அதற்கடுத்த பக்கத்தில் தார்ப்பாயை எடுத்து, ஐந்தும் ஒரே வரிசையில். அப்புறம் அந்த முழு வரிசையை மூடி, வெளியே ஒன்று. திருப்பினால் ஆறு. அதையும் மூடி, வெளியே இரண்டு, திருப்பினால் எட்டு. எனக்கு எட்டோடு போதும். சாருக்கு அதே எட்டிலிருந்து தொடங்கி, வண்டியில் ஐந்து குலை வந்து இறங்கும் ஒரு படம், இரண்டு இடம் நிரம்பிய படம், கடைசியில் பதின்மூன்றும் உள்ள படம். விடையுள்ள பக்கம் எப்போதும் தாளின் மறுபுறத்தில் வர வேண்டும், பக்கத்திலேயே வந்தால் எட்டிப் பார்த்துவிடுவார்கள்.

நடுவில் ஒரு பக்கத்தில் மகளின் கை தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், முகம் வேண்டாம். அச்சுச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

---

லோரிக்காரர்

தார்ப்பாய் லோரியிலேயே இருக்கிறது டீச்சர். செலவைப் பாதியாகப் போட்டுக்கொள்வோம். பாட்டி வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து அச்சடியுங்கள்.